40 சதவீதம் அதிகம், ஆனால் வேறு வேலை

ஆஃபர் லெட்டர் ஒரு வியாழக்கிழமை மாலை 6.40-க்கு வந்தது. ஏழு பக்க பிடிஎஃப். முதல் பக்கத்தில் வாழ்த்து, சேர வேண்டிய தேதி. எல்லாரையும் போல நானும் நேராகச் சம்பளப் பக்கத்துக்குத்தான் தாவினேன். இப்போது வாங்குவதைவிட 40 சதவீதம் அதிகம். எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் இரண்டாம் பக்கத்தில் பதவியின் பெயர் கண்ணில் பட்டது: சீனியர் சொல்யூஷன்ஸ் கன்சல்டன்ட்.

நான் விண்ணப்பித்தது அந்த வேலைக்கே அல்ல.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். நான் பேக்எண்ட் எஞ்சினியர், அதாவது பயனர் கண்ணில் படாத சர்வர் பக்கத்து கோட் எழுதுகிறவள்; ஒன்பது வருஷ அனுபவம். அதில் முதல் ஆறு வருஷம் 'என்ன ஆக வேண்டும்' என்ற கேள்வியே எனக்கு வந்ததில்லை. வேலை வரும், முடிப்பேன், அடுத்தது வரும். ஏழாவது வருஷம் ஒரு இரவு எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வட்டு நிரம்பிக்கொண்டே போனது. ஒரு டேபிளில் இருந்ததென்னவோ 20 லட்சம் வரிகள்தான். ஆனால் வட்டில் அது பிடித்த இடம் பத்து மடங்கு வீங்கியிருந்தது. பழைய வரிகளை அழிக்கும் வேலை ஒழுங்காக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அழித்ததெல்லாம் எங்கே போகிறது?

எங்கேயும் போகவில்லை. போஸ்ட்கிரெஸ் ஒரு வரியை அழித்த கையோடு வட்டிலிருந்து எடுத்துவிடாது. அந்தப் பழைய பதிப்பை வேறு யாராவது இன்னும் படித்துக்கொண்டிருக்கலாம் என்று விட்டுவைக்கும். யாருக்கும் தேவையில்லை என்று உறுதியான பிறகு வேக்யூம் என்ற பின்னணி வேலை வந்துதான் கூட்டிப் பெருக்கும். எங்கள் டீமில் ஒருவர், டேட்டாபேஸில் பல செயல்களை ஒரே கட்டாகச் செய்யும் ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு முடிக்க மறந்து போய்விட்டார். மூன்று நாளாக அது சும்மா திறந்தே கிடந்தது. அந்த ஒருவர் படிக்கக்கூடும் என்பதற்காக, மூன்று நாளில் அழிக்கப்பட்ட ஒவ்வொரு வரியையும் டேட்டாபேஸ் பத்திரமாக வைத்திருந்தது. வேக்யூம் வந்து வந்து பார்த்துவிட்டுத் துடைப்பத்தோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. அந்த இணைப்பைத் துண்டித்தேன், வீக்கம் நின்றது.

பிரச்சினை தீர்ந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. இவ்வளவு நாசூக்கான ஒரு ஏற்பாட்டை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்களே, இந்தப் பக்கம் நின்று பயன்படுத்திக்கொண்டே இருப்பதைவிட அந்தப் பக்கம் போய் எழுதுபவளாக ஆனால் என்ன என்று தோன்றியது. அன்றிலிருந்து என் குறிக்கோள் ஒன்றே ஒன்று: டேட்டாபேஸின் உள்ளே வேலை செய்வது. சேமிப்பு, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ், கேட்ட தகவலை எந்த வழியில் எடுப்பது என்று தீர்மானிக்கும் குவரி பிளானர், எதுவானாலும் சரி. வெளியே நின்று டேட்டாபேஸை வைத்துச் செய்யும் வேலை போதும்.

அதனால்தான் டேட்டாபேஸ் தயாரிக்கும் அந்த நிறுவனத்தின் ஸ்டோரேஜ் டீமுக்கு விண்ணப்பித்தேன். நான்கு சுற்று நேர்காணல். ஒன்றில், தகவலை வேகமாகத் தேடி எடுக்க உதவும் பி-ட்ரீ என்ற அமைப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். பேயர், மக்கிரெயிட் என்ற இரண்டு கணினி ஆய்வாளர்கள் 1970-களின் தொடக்கத்தில் எழுதிய அமைப்பு இன்றைக்கும் பெரும்பாலான டேட்டாபேஸ்களில் இண்டெக்ஸாக உட்கார்ந்திருக்கிறது. எழுதுவது மிக அதிகமாக இருக்கும் இடத்தில் அதை விட்டு எல்எஸ்எம் ட்ரீ என்ற இன்னொரு சேமிப்பு அமைப்புக்கு எப்போது போக வேண்டும் என்று கேட்டார்கள். இன்னொரு சுற்றில் போஸ்ட்கிரெஸின் டிரான்சாக்‌ஷன் எண் 32 பிட் என்பதால் சுமார் 429 கோடியில் சுற்றி மறுபடி தொடக்கத்துக்கு வந்துவிடும், அப்போது பழையது எது, புதியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேள்வி. வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டு விளக்கினேன். எதிரே இருந்தவர் எழுந்து வந்து, என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த வட்டத்தின் மேலேயே இன்னொரு கேள்வியை வரைந்தார். என் வாழ்க்கையிலேயே நன்றாகப் போன நேர்காணல் அது.

அப்புறம் இந்த லெட்டர்.

வெள்ளிக்கிழமை காலை எச்ஆரைக் கூப்பிட்டேன். பதவியின் பெயரில் தப்பு நேர்ந்திருக்கிறது போல என்றேன். தப்பில்லையாம். ஸ்டோரேஜ் டீமுக்கு ஒதுக்கியிருந்த இடத்தை இந்தக் காலாண்டில் நிறுத்தி வைத்துவிட்டார்களாம். "ஆனால் பேனலில் எல்லாருக்கும் உங்களைப் பிடித்துவிட்டது. சிக்கலான விஷயத்தை இவ்வளவு தெளிவாக விளக்குகிறீர்களே, வாடிக்கையாளர்களோடு பேச உங்களைப் போல ஆள் கிடைக்காது என்று சொன்னார்கள்." அதாவது அந்த வட்டத்தை நான் நன்றாகப் போட்டதுதான் வினை. பாராட்டா, ஆறுதலா என்று பிரிக்க முடியாத ஒரு வாக்கியம். நன்றி சொல்லி வைத்தேன்.

பதில் சொல்லப் புதன்கிழமை வரை நேரம் கொடுத்திருந்தார்கள்.

சனிக்கிழமை உட்கார்ந்து லெட்டரை முதல் வரியிலிருந்து படித்தேன். சம்பளத்தை மறுபடி கணக்குப் போட்டேன். என் இப்போதைய சம்பளத்தை 100 என்று வைத்துக்கொண்டால் புதியது 140. அதில் 30 சதவீதம் வேரியபிள்; டீமின் விற்பனை இலக்கை எட்டினால்தான் முழுதாகக் கிடைக்கும். 140-இல் 30 சதவீதம் என்றால் 42. மாதா மாதம் உறுதியாகக் கையில் வருவது 98. இப்போது வாங்குவதைவிட இரண்டு குறைவு! வியாழக்கிழமை அறையில் நடந்த இரண்டு சுற்றையும் திருப்பி நடந்திருக்கலாம் போல இருந்தது.

இதே மாதிரி, விற்பனைக்கு முன் வாடிக்கையாளருக்குப் பொருளை விளக்கிக் காட்டும் ப்ரீ-சேல்ஸ் வேலையில் இருக்கும் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. விற்பனைப் பக்கத்தில் அப்படித்தான் இருக்கும், நல்ல வருஷமாக இருந்தால் 140-ஐத் தாண்டியும் வரும் என்றாள். "ஏண்டி, உனக்குப் பேச வராதா என்ன? அட்டகாசமா பண்ணுவ." அவளுக்கு அந்த வேலை உயிர். முன்பின் தெரியாத பத்துப் பேர் முன்னால் டெமோ பாதியில் நின்றுபோனால் அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கு அந்த இடத்தில் வயிற்றைப் பிசையும். ஸ்டோரேஜ் எஞ்சினியர் உசத்தி, ப்ரீ-சேல்ஸ் மட்டம் என்று பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவள் கொண்டுவரும் ஒப்பந்தங்களில்தான் உள்ளே இருப்பவர்களுக்குச் சம்பளமே வருகிறது. ஆனால் அவளுக்குப் பொருந்துவது எனக்கும் பொருந்த வேண்டும் என்று இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை மறுக்கும் மெயிலை எழுத ஆரம்பித்தேன். இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்த மெயில்தான்.

முதல் வரைவில் 'தவிர்க்க முடியாத குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று எழுதினேன். அப்பட்டமான பொய். எந்தச் சூழ்நிலையும் இல்லை. பள்ளியில் லீவு லெட்டர் எழுதிப் பழகிய கை, இக்கட்டில் தானாக அந்த வரிக்குத்தான் போகிறது. அழித்தேன்.

இரண்டாவதில் சம்பளத்தைக் காரணம் காட்டினேன். அந்த 98 கணக்கைக் கச்சிதமாக எழுதி, உறுதியான பகுதி குறைவாக இருப்பதால் ஏற்க இயலவில்லை என்று முடித்தேன். படித்துப் பார்த்தால் பிரமாதமாக இருந்தது. உண்மை, எண்களோடு கூடிய உண்மை, யாரையும் புண்படுத்தாத உண்மை. அனுப்பு பொத்தானில் விரலை வைத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. நாளைக் காலை எச்ஆர் கூப்பிட்டு, "சரி, வேரியபிளை 10 சதவீதமாகக் குறைத்துவிடுகிறோம், எப்போது சேர்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்வேன்? 140-இல் 10 சதவீதம் போக 126 உறுதி. நான் காட்டிய காரணத்தை அவர்கள் தீர்த்துவிட்டார்கள். இனி மறுத்தால் நான் வார்த்தை மாறியவள். மறுக்காவிட்டால் அடுத்த மூன்று வருஷம் ஸ்லைடு போடுகிறவள்.

நாம் சொல்லும் காரணத்தைத்தான் எதிரில் இருப்பவர் சரிசெய்யப் பார்ப்பார். தூரம் என்றால் வீட்டிலிருந்தே செய் என்பார்கள், சேரும் தேதி என்றால் தள்ளிப் போடுவார்கள், பதவியின் பெயர் பிடிக்கவில்லை என்றால் 'ஆர்கிடெக்ட்' என்று மாற்றித் தருவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. நாம் கேட்டதைத்தானே கொடுக்கிறார்கள். எதைச் சரிசெய்தால் நிஜமாகவே போய்ச் சேர்வேனோ அதைத்தான் காரணமாக எழுத வேண்டும். எனக்கு அது வேலையின் உள்ளடக்கம். சம்பளம் அல்ல, சத்தியமாக அல்ல. (சரி, கொஞ்சம் சம்பளமும்தான். 98 இன்னும் உறுத்துகிறது.)

மூன்றாவது வரைவு ஒன்றரைப் பக்கம். வட்டு நிரம்பிய இரவு, வேக்யூம், என் கனவு, நேர்காணலில் அந்தப் பேனா, எல்லாம் இருந்தது. எழுதும்போது கண் கலங்கியதை ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமை காலையில் படித்துப் பார்த்தேன். வேலை நிராகரிப்பு மெயில் மாதிரி இல்லை, பிரிவுக் கடிதம் மாதிரி இருந்தது. வேலைக்கு ஆள் எடுப்பவர் ஒரு நாளைக்கு எத்தனை மெயில் பார்க்கிறாரோ, அவருக்கு என் வாழ்க்கை வரலாறு எதற்கு?

நான்காவதை எழுதும் முன் ஒரு கேள்வி குறுக்கே வந்தது. அந்த வேலை எனக்குப் பொருந்தாது என்று எனக்கு நிஜமாகவே தெரியுமா, பெயரைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டேனா? நிறுவனத்துக்கு நிறுவனம் இந்தப் பெயர்களுக்கு அர்த்தம் மாறும். ஓரிடத்தில் சொல்யூஷன்ஸ் கன்சல்டன்ட் பாதி நாள் கோட் எழுதுவார், இன்னோரிடத்தில் லேப்டாப்பை ஸ்லைடுக்கு மட்டும்தான் திறப்பார். அதனால் எனக்கு மேலாளராக வரவேண்டியவரிடம் அரை மணி நேரம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை பேசினார். 'இந்தப் பதவியின் பொறுப்புகள் என்ன' என்று கேட்கக் கூடாது என்று முன்பே தீர்மானித்திருந்தேன். அதற்கு விளம்பரத்தில் இருந்ததையே படித்துக் காட்டுவார்கள். நான் கேட்டது இது: "இப்போது இதே வேலையில் உங்கள் டீமில் இருப்பவர் போன வாரம் திங்களிலிருந்து வெள்ளி வரை என்ன செய்தார்?"

நல்ல மனிதர். காலண்டரைத் திறந்து பார்த்தே சொன்னார். நான்கு வாடிக்கையாளர் சந்திப்பு, இரண்டு டெமோ, ஒரு டெண்டருக்கு 180 கேள்விகள் கொண்ட எக்செல் நிரப்பும் வேலை இரண்டு நாள், மீதி நேரம் விற்பனை டீமோடு கூட்டம். கோட்? "டெமோவுக்கான ஸ்கிரிப்ட்டைக் கொஞ்சம் மாற்றினார்." ஒரு வருஷம் கழித்து உள்ளுக்குள்ளேயே ஸ்டோரேஜ் டீமுக்கு மாற முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"பார்க்கலாம்" என்றார்.

வீட்டில் பெரியவர்களிடம் எதையாவது கேட்டு வாங்க முயன்ற எந்தக் குழந்தைக்கும் இந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும். இருந்தாலும் விடவில்லை. அதை லெட்டரில் ஒரு வரியாகச் சேர்க்க முடியுமா என்று எச்ஆரிடம் கேட்டேன். பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு உள்மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஊழியர் கையேட்டில் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக உறுதி எதுவும் தர இயலாது என்று பதில் வந்தது. விண்ணப்பிக்க எனக்கு இப்போதே உரிமை இருக்கிறதே! வெளியில் இருந்து விண்ணப்பித்துத்தானே இந்த லெட்டரே வந்தது. உள்ளே போனால் ஒரு வருஷம் காத்திருந்து விண்ணப்பிக்கலாம். அதுவும் ஒரு வருஷம் இன்டெக்ஸ் பக்கமே போகாத ஒருத்தியாக. அங்கே முடிவாகிவிட்டது.

இதை ஏதோ வீரம் மாதிரி சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அப்போது என் கையில் வேலை இருந்தது, இன்னும் பேப்பர் போடவில்லை, அதாவது ராஜினாமா கொடுக்கவில்லை. கையெழுத்திட்ட லெட்டர் வந்து சேராமல் பேப்பர் போடாதே என்று என் முதல் டீம் லீட் சொன்னதை மட்டும் நான் என்றைக்கும் மீறியதில்லை. கையில் வேலை இல்லாமல் மூன்று மாதம் இருந்திருந்தால் இந்த லெட்டருக்கு வியாழக்கிழமை இரவே கையெழுத்துப் போட்டிருப்பேன், அதுதான் சரியாகவும் இருந்திருக்கும். படிப்பு முடித்த வருஷம் வேறு எதுவும் கிடைக்காமல்தான் டெஸ்டிங் வேலையில் சேர்ந்தேன். இரண்டு வருஷம். விரும்பிப் போகவில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் 'இது எங்கே உடையும்' என்று யோசிக்கும் புத்தி அங்கேதான் வந்தது, அது இல்லாமல் அந்த மூன்று நாள் டிரான்சாக்‌ஷனை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

நடுவில் கணிதத்தையும் துணைக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். வேட்பாளர்கள் ஒவ்வொருவராக வருவார்கள், வந்த உடனே எடுக்க வேண்டும் அல்லது விட வேண்டும், விட்டால் திரும்ப வரமாட்டார், சிறந்தவரை எப்படிப் பிடிப்பது என்று ஒரு பழைய புதிர் உண்டு. கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1960-இல் தன் பத்திரிகைப் பத்தியில் எழுதிப் பரவலானது. விடை அழகானது: முதல் 37 சதவீதம் பேரைச் சும்மா பார்த்து விட்டுவிடு, அதற்கப்புறம் அவர்கள் எல்லாரையும்விட நன்றாக இருக்கும் முதல் ஆளை எடு. சிறந்தவரே கிடைக்கும் வாய்ப்பும் சுமார் 37 சதவீதம். ஆனால் மொத்தம் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு மொத்தம் எத்தனை ஆஃபர் வரும் என்று யாரிடம் போய்க் கேட்பது? தவிர, நிறுவனங்கள் திரும்ப வரும். மறுத்த விதத்தைப் பொறுத்து.

புதன்கிழமை காலை அனுப்பிய மெயில் இது. ஆங்கிலத்தில் எழுதியதுதான், தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"வணக்கம். இந்த வாய்ப்புக்கும், நேற்று நேரம் ஒதுக்கி விளக்கியதற்கும் நன்றி. நன்றாக யோசித்தபின் இந்த ஆஃபரை ஏற்கவில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த சில வருஷங்கள் டேட்டாபேஸின் உட்பகுதியில், கோட் எழுதும் வேலையில்தான் இருக்க விரும்புகிறேன். இந்தப் பொறுப்பு முக்கியமானது என்றாலும் அந்தத் திசையில் இல்லை. சம்பளமோ மற்ற நிபந்தனைகளோ இந்த முடிவுக்குக் காரணம் அல்ல. ஸ்டோரேஜ் டீமில் மறுபடி இடம் திறந்தால் அவசியம் சொல்லுங்கள், விண்ணப்பிப்பேன். பேனலில் இருந்தவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்."

சம்பளம் காரணம் அல்ல என்ற வாக்கியத்தில்தான் அதிக நேரம் போனது. அது இருந்தால் இனி பேரம் கிடையாது. போடலாமா வேண்டாமா என்று இரண்டு முறை எடுத்து, இரண்டு முறை திரும்ப வைத்தேன். 'ஏற்கவில்லை' என்பதையும் முதலில் 'ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன்' என்றுதான் எழுதியிருந்தேன். இயலாத நிலை என்ன நிலை? யாராவது என் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்களா? மாற்றினேன்.

பதில் வராமல் இழுப்பதைவிட எதுவும் மேல் என்பதால், கெடு முடியும் வரை காத்திருக்காமல் காலையிலேயே அனுப்பினேன். நான் மறுத்தால்தான் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு லெட்டர் போகும். அந்தப் பக்கம் நின்று மூன்று வாரம் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

எச்ஆர் 20 நிமிடத்தில் இரண்டு வரியில் பதில் போட்டார். வார்ப்பு வரிகள்தான், பரவாயில்லை. அன்றிரவு 98 என்ற எண் மறைந்து 140 மட்டும் கண்ணில் நின்றது. தப்பு செய்துவிட்டோமோ என்று இரண்டு மணி வரை விழித்திருந்தேன். மறுப்பது சரியான முடிவு என்றால் மனசு லேசாகிவிடும் என்று சொல்கிறார்களே, எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கனமாகவே இருந்தது.

பத்து நாள் கழித்து இன்னொரு மெயில். பேனாவை வாங்கி வரைந்தவர். என் முடிவு புரிகிறது என்றார், ஸ்டோரேஜ் டீமில் இடம் எப்போது திறக்கும் என்று அவருக்கும் தெரியாது என்றார். கடைசியில் ஒரு வரி: "உள்ளே வேலை செய்ய எங்கள் அனுமதி எதற்கு? போஸ்ட்கிரெஸ் கோட் திறந்துதானே கிடக்கிறது."

கொஞ்சம் கோபம் வந்தது. அப்புறம் அந்த கோட் முழுவதையும் இறக்கிக்கொண்டேன். வேக்யூம் இருக்கும் கோப்பிலிருந்து ஆரம்பித்து, ஆபீஸ் முடிந்து தினமும் ஒரு மணி நேரம் என்று இப்போது நான்கு மாதமாகப் படிக்கிறேன். அங்கே கருத்துரைகள் கோட் வரிகளைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. போன மாதம் என் முதல் பேட்ச்சை, அதாவது கோடில் சேர்க்கச் சொல்லும் ஒரு மாற்றத்தை, அனுப்பினேன். பெரிதாக ஒன்றுமில்லை, விட்டுப்போயிருந்த ஒரு டெஸ்ட். பழைய டெஸ்டிங் புத்தி. ஐந்து திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தது, அதில் ஒன்று நான் போட்ட இடைவெளி பற்றியது. நான்கை முடித்துவிட்டேன். ஐந்தாவது என்ன சொல்கிறது என்று இன்னும் புரியவில்லை. அதைத்தான் இப்போது திறந்து வைத்திருக்கிறேன்.